றம்ஸியாவைத் தெரியாத ஒழுங்கை

தில்லையடியில் பள்ளிவாசலுக்குப் பின்னால் உள்ளே போகும் ஒழுங்கையில் ஏழாவது வீடு றம்ஸியாவுடையது. வயது முப்பத்துநாலு. பொலிஸ் நிலையத்தின் வாசற்படியை அவள் வாழ்நாளில் ஒரு தடவையேனும் மிதித்ததில்லை. ஆனால் ஒரு நாளைக்கு நானூறு தடவை பொலிசைக் காண்பவள் அவள்தான். காலை பாணும் சம்பலும் சாப்பிட்டுவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தால் நடுப்பகல் லுஹர் பாங்கு சொல்வதற்குள் இருநூறு பொலிஸ், பின்னேர அஸருக்குள் மிச்சம் இருநூறு. இப்படி ஒரு பிழைப்பு புத்தளத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

வேலை இதுதான். எங்கோ கடல் கடந்த ஒரு கம்பனி கொம்பியூட்டருக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறது. அதற்காக ஆயிரக்கணக்கான ஆங்கில வசனங்களை ஒவ்வொன்றாக இவளைப் போன்றவர்களுக்கு அனுப்பும். வசனத்தில் இரண்டு சங்கதிகளைச் சேர்த்துக் கட்டுகிற சொல் ஒன்று இருக்கும்: 'அண்ட்', 'பட்', 'ஓர்', 'பிகோஸ்', 'வென்' என்று ஏதாவது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் பொலிஸ் சம்பந்தமான ஒன்று வந்தால், அது தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம் வரைக்கும் மஞ்சள் கோடு இழுக்க வேண்டும். பொலிஸ்காரர், இரண்டு பொலிஸ் ஜீப், மோப்பம் பிடிக்கிற பொலிஸ் நாய், ஓய்வுபெற்ற பொலிஸ் அதிகாரியின் மனைவி, எதுவாக இருந்தாலும் சரி. கோடு இழுத்தவுடனே அந்த வசனம் மறைந்து அடுத்தது வந்துவிடும்.

கொழும்பில் இதே வேலை செய்கிற ஒருத்திக்குச் சமையல் சாமான்கள் கிடைத்தன. கண்டியில் ஒருவருக்கு மழையும் வெள்ளமும். றம்ஸியாவின் தலையில் பொலிஸ் விழுந்தது. ஏன் என்று கேட்க அந்தக் கம்பனியில் ஆள் இல்லை. இரண்டு வருடமாகக் கேட்காமலே கோடு இழுக்கிறாள்.

ஏ.எல். சோதனைக்கு ஆங்கிலமும் எடுத்துப் படித்தவள். பிறகு பாலாவிச் சந்தியில் ஒரு லொறிக் கந்தோரில் ஆறு வருடம் கடிதம் அடித்தவள். கலியாணம் ஒன்று நடந்து பதினொரு மாதம் நின்றது. அதைப் பற்றி அவள் கதைப்பதில்லை, நாமும் கதைக்கத் தேவையில்லை. வாப்பா மௌத்தாகி நாலு வருடம். உம்மா பாதி நாள் இவளோடும் மீதி நாள் மாம்புரியில் கட்டிக்கொடுத்த இளைய மகளோடும் இருப்பவர். இந்தக் கதை நடந்த மாதம் இளையவளுக்குப் பிள்ளைப்பேறு என்பதால் உம்மா மாம்புரியில். ஆகவே ஏழாவது வீட்டில் றம்ஸியாவும் நானூறு பொலிசும் மட்டும்தான்.

இந்த வேலைக்கு அவளைப் போல ஒருத்தி பொருத்தமா என்றால், ஒருவகையில் இல்லவே இல்லை. ஏனென்றால் அவள் விடுப்புக்காரி. ஊர் வம்பு அளப்பவள் என்ற அர்த்தத்தில் அல்ல. எந்தச் சங்கதியின் முடிவும் தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்காது. பஸ்ஸில் முன் சீட்டில் இரண்டு பேர் கதைத்துக்கொண்டு போகும் கதை முடியவில்லை என்றால் தில்லையடியில் இறங்க மாட்டாள். அடுத்த ஹோல்ட்டில் இறங்கி வெயிலில் நடந்து வருவாள். அப்படிப்பட்டவளுக்கு ஒரு வசனம் மட்டும் காட்டி, அதற்கு முன்னாலும் பின்னாலும் என்ன என்று காட்டாமல் பறித்துக்கொண்டால் எப்படி இருக்கும்?

ஒரு நாள் வந்த வசனம் இது: பொலிஸார் உள்ளே வந்தபோது அந்தப் பெண் இரண்டு தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். றம்ஸியா கோடு இழுக்காமல் அப்படியே இருந்துவிட்டாள். ஏன் இரண்டு கோப்பை? மற்றக் கோப்பையில் குடித்தது யார்? ஓடிவிட்டானா, கட்டிலுக்குக் கீழே கிடக்கிறானா, அல்லது அந்த மனுஷி வரப்போகிற பொலிசுக்குத்தான் கோப்பை கழுவினாளா? ஐந்து நிமிடம் யோசித்தாள். வேலை மந்தம் என்று கம்பனி சிவப்பு எழுத்தில் எச்சரித்த பிறகுதான் கோடு விழுந்தது.

முடிவு தெரியாத குறையைத் தீர்க்க அவள் வேறொரு கணக்குப் பார்க்கத் தொடங்கினாள். எந்த ஒட்டுச் சொல்லுக்கு முன்னால் யார் வருகிறார்கள் என்று கவனித்தாள். 'அண்ட்' வந்தால் பொலிசுக்கு முன்னால் தீயணைப்புக்காரர் நிற்பார், அம்புலன்ஸ் நிற்கும், அயலவர்கள் நிற்பார்கள். ஒரு தடவை ஒரு பசு மாடு நின்றது. 'பட்' வந்தால் யாரோ ஒன்றைச் சொல்லியிருப்பார்கள், பொலிஸ் அதை நம்பியிருக்காது. 'ஓர்' வந்தால் பெரும்பாலும் பயமுறுத்தல்: காரை எடு, இல்லாவிட்டால் பொலிஸ். 'அண்டில்' வந்தால் ஆட்டம் பாட்டம். பொலிஸ் வரும்வரைக்கும் ஆடினார்கள், குடித்தார்கள், சண்டை பிடித்தார்கள். இவளை மிகவும் ஆச்சரியப்படுத்தியது ஒன்று. அந்த வசனங்களில் வரும் பெண்கள் வீட்டில் கள்ளன் பூந்தால் உம்மாவுக்கும் பொலிசுக்கும் ரெலிபோன் எடுக்கிறார்கள். உம்மாவையும் பொலிசையும் ஒரே மூச்சில்! தில்லையடியில் உம்மாவுக்கு எடுப்பார்கள். பிறகு நானா என்கிற அண்ணனுக்கு, பிறகு பள்ளித் தலைவருக்கு. பொலிஸ் என்ற பேச்சு எழுவதற்குள் கள்ளன் பாலாவி தாண்டியிருப்பான்.

இதையெல்லாம் யாரிடமாவது சொல்ல வேண்டுமே. பக்கத்து வீட்டு ஸுஹைரா அகப்பட்டாள். றம்ஸியாவை விடப் பத்து வயது மூத்தவள், அதனால் இவளுக்கு 'தாத்தா', அதாவது அக்கா; அப்பம் சுட்டுக் கடைகளுக்குக் கொடுப்பவள், நல்ல மனுஷி. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அன்றைய வசனங்களை றம்ஸியா சொல்லுவாள். அந்தப் பக்கம் மாவைக் கரைத்துக்கொண்டே ஸுஹைரா கேட்பாள்.

"தாத்தா, இண்டைக்கு ஒண்டு வந்த. ஒரு கிழவன் மரத்தில ஏறி, பொலிஸ் வந்தும் எறங்கலயாம்."

"பொலிஸ் எதுக்குடி புள்ள மரத்தடிக்கி வந்த?"

"அதுதான் தெரியாது. அதோட முடிஞ்சி."

"இது என்ன வேல அல்லாஹ்வே" என்பாள் ஸுஹைரா. ஆனால் அடுத்த நாளும் கேட்பாள். கேட்டதை ஒழுங்கை முழுவதும் சொல்லுவாள். ஏழாம் வீட்டுப் பிள்ளை கொம்பியூட்டரில் எந்த நேரமும் பொலிசைப் பற்றியே வாசிக்கிறாள் என்பது இப்படித்தான் எல்லோருக்கும் தெரிய வந்தது.

அந்த மாதத் தொடக்கத்தில் கம்பனியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. இரண்டு வருடம் பிழையில்லாமல் கோடு இழுத்ததற்காக அவளை மேல் நிலைக்கு உயர்த்துகிறார்களாம். மாதச் சம்பளம் நிரந்தரம். அதைவிடப் பெரிய சங்கதி, இனி ஒற்றை வசனம் இல்லை. முழுப் பக்கமும் காட்டுவார்கள். மற்றவர்கள் இழுத்த கோட்டைச் சரிபார்க்க முன்னும் பின்னும் வாசித்தாக வேண்டும். றம்ஸியா அந்த வரியை மூன்று தடவை வாசித்தாள். சம்பளத்தை ஒரு தடவைதான் வாசித்தாள்.

ஒரேயொரு நிபந்தனை. முழுப் பக்கங்களில் ஆட்களின் சொந்த விஷயங்கள் இருக்கும் என்பதால், நற்சான்றாகப் பொலிஸ் ரிப்போட் ஒன்று முப்பது நாளுக்குள் அனுப்ப வேண்டும். முப்பது நாள் தாண்டினால் இடம் அடுத்தவருக்கு.

அன்றைக்கே விண்ணப்பித்தாள். கிராம சேவகரின் கடிதம், அடையாள அட்டைப் பிரதி எல்லாம் வைத்து அனுப்பினாள். ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. கைக்கு வருவதற்கு முன்னால் வாயில் வந்தால் கண்ணூறு பட்டுவிடும் என்று அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பயம். அந்தப் பயத்தைக் கொஞ்சம் அடக்கி ஸுஹைராவிடமாவது சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

பத்து நாள் போனது. அதற்குப் பிறகு ஒழுங்கை ஒரு மாதிரி ஆகிவிட்டது. முதலில் ஸுஹைரா ஒரு கோப்பை நிறையக் கோழிக் கறி கொண்டுவந்து வைத்துவிட்டு, இவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "சாப்பிடு புள்ள. ஒண்டும் யோசிக்காத" என்றாள். எதை யோசிக்கக் கூடாது என்று சொல்லவில்லை. எதிர் வீட்டு மர்ளியா வந்து, "மாம்புரிக்குப் போய் உம்மாவோட நாலு நாள் இருந்திட்டு வாவன்" என்று நாலு தடவை சொன்னாள். றம்ஸியாவின் கேற்றை யாரோ ஒவ்வொரு நாளும் இழுத்துப் பூட்டிவிட்டுப் போனார்கள். ஒரு நாள் குப்பை போட வெளியே வந்தால் மூன்று பெண்கள் ஒரே நேரத்தில் "உள்ளுக்குப் போ" என்கிறார்கள்.

வேறொருத்தி என்றால் பயந்திருப்பாள். றம்ஸியாவுக்கு விடுப்புத்தான் தலைக்கேறியது. தனக்குப் பெரிய நோய் வருத்தம் ஏதும் வந்து, தனக்கு மட்டும் சொல்லாமல் விட்டார்களோ என்றுகூட யோசித்தாள். கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது.

இருபத்துநாலாவது நாள் முத்தலிபு கூப்பிட்டார். ஒழுங்கை முகப்பில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், றம்ஸியாவுக்குச் சாச்சா, அதாவது சித்தப்பா முறை. றம்ஸியாவின் பெற்றோரின் ஊர்க்காரர், தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தியபோது மன்னாரிலிருந்து அவர்களோடு ஒரே கூட்டமாக வந்தவர். அந்த ஒழுங்கையில் வீடுகளுக்கு இலக்கம் எழுதிய பலகை கிடையாது. கந்தோர்க் கடதாசிகளில் ஏதோ இலக்கம் இருக்கிறது, அது எந்த வீடு என்று அந்த வீட்டுக்காரருக்கே தெரியாது. தபால்காரர் எல்லாக் கடிதத்தையும் முத்தலிபுவின் கடையில் போட்டுவிட்டுப் போவார். அவர் ஆளுக்கு ஆள் கொடுப்பார்.

"மகள், இது ரெண்டு நாளா எனக்கிட்டதான் இருந்த" என்று ஒரு நீளக் கடிதத்தை நீட்டினார். அரசாங்க முத்திரை குத்தியிருந்தது. "தாறதா விடுறதா எண்டு யோசிச்சன். ஒடச்சிப் பாக்கல்ல."

றம்ஸியா அங்கேயே உடைத்தாள். மேற்படி முகவரியில் விண்ணப்பதாரர் வசிப்பதாக உறுதிப்படுத்த முடியாமையால் அறிக்கை வழங்க இயலாது என்று இருந்தது. இரண்டாம் தடவையும் வாசித்தாள்.

"சாச்சா, பொலிஸ் இஞ்ச வந்தாங்களா?"

"வந்தாங்க" என்றார் முத்தலிபு. குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஆனால் ஒரு பெருமையோடு. "நீ பயப்படாத. அனுப்பிட்டன்."

"என்னெண்டு அனுப்பின?"

"போன கெழமைக்கு முந்தின செவ்வா. மோட்டச் சைக்கிள்ள ரெண்டு பேர், ஒராள் பொம்புளப் பொலிஸ். ஒன்ட பேர வாப்பாட பேரோட சொல்லி, எந்த வீடெண்டு கேட்டாங்க. அப்பிடி ஒராளும் இந்த ஒழுங்கையில இல்லெண்டன். முப்பத்தஞ்சு வரிசமா நான் இஞ்ச இருக்கன், எனக்குத் தெரியாம ஒராள் இருக்க ஏலாதெண்டும் சொன்னன். எழுதிக் கையெழுத்தும் கேட்டாங்க, போட்டுக் குடுத்தன். மர்ளியா வீட்டிலயும் கேட்டாங்க, அவவும் தெரியாதெண்டுட்டா. ஸுஹைரா ஒன்ட கேற்றப் பூட்டிட்டா. நீ உள்ளுக்கு இருந்த."

ஓம், உள்ளுக்குத்தான் இருந்தாள். ஸுஹைராவின் கிறைண்டர் சத்தம் கேட்காமல் இருக்கக் காதில் பெரிய ஹெட்போன் மாட்டிக்கொண்டு, ஊர் உலகத்துப் பொலிசுக்கெல்லாம் கோடு இழுத்துக்கொண்டு இருந்தாள். ஒரு வாழ்நாளில் ஒரேயொரு தடவை உண்மையான பொலிஸ் அவளைத் தேடி வந்தது. அவளை நேசிக்கிற மனிதர்கள் எல்லோரும் சேர்ந்து அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அவள் சீனி மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள். "நான்தான் சாச்சா வரச் சொன்ன" என்றாள்.

முத்தலிபுவுக்கு விளங்க நேரம் எடுத்தது. அதற்குள் ஸுஹைராவும் வந்துவிட்டாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தாள். "ரெண்டு வரிசமா பொலிஸ் பொலிஸ் எண்டு நீதானடி சொன்ன! அந்தக் கொம்பியூட்டர்ல பாக்கக் கூடாத எதையோ பாத்திட்டா, அதுதான் புடிக்க வந்திருக்காங்க எண்டு நாங்க நெனச்சம். ஒனக்குத் தெரிஞ்சாப் பயந்திடுவா எண்டு சொல்லவும் இல்ல."

றம்ஸியாவுக்குக் கோபம் வந்தது. யாரிடம் கோபப்படுவது என்று தெரியாமல் அது அழுகையாகிவிட்டது. கோழிக் கறி கொடுத்தவளைக் கோபிக்க முடியுமா?

அடுத்த நாள் காலை தனியாக டவுனுக்குப் போய்ப் பொலிஸ் நிலையத்துக்குள் ஏறினாள். பயமும் இருந்தது, பார்க்கும் ஆசையும் இருந்தது. ஆசைதான் கூட என்பதை அவளே பிறகு ஒப்புக்கொண்டாள். அவளுடைய வசனங்களில் பொலிஸார் துரத்துவார்கள், மறிப்பார்கள், மறுப்பார்கள், ஒருவரும் சாப்பிட்டதில்லை. இங்கே ஒருவர் லன்ச் சீட்டில் சுற்றிய சோற்றுப் பொதியை மோந்து பார்த்து மீனா முட்டையா என்று யோசித்துக்கொண்டிருந்தார். ஆட்கள் உட்காரும் வாங்குக்குக் கீழே ஒரு பூனை குட்டிகளோடு கிடந்தது. யாரோ அதற்குப் பழைய பொலிஸ் தொப்பி ஒன்றைப் படுக்கையாகப் போட்டிருந்தார்கள். இந்தத் தொப்பிக்கு எந்த ஒட்டுச் சொல் வரும் என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போது பெயரைக் கூப்பிட்டார்கள்.

ஷானிகா என்ற பெண் கொன்ஸ்தாபல். ஒழுங்கைக்கு வந்தது அவளேதான். வகுப்பில் படித்த தமிழைக் கவனமாக அடுக்கி அடுக்கிக் கதைத்தாள். விசாரணைக் கோப்பைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கினாள்.

"அக்கா, நீங்க இருக்கிறீங்க தானே? அந்த ஐயா நீங்க உலகத்திலயே இல்ல என்டு சொன்னார்."

"அவங்க பயத்தில சொன்ன மிஸ். என்னக் காப்பாத்த."

"எங்ககிட்ட இருந்தா?" என்று கேட்டாள் ஷானிகா. அவளுடைய முகத்தில் சிரிப்புப் போய்விட்டது. பேனையை மூடி வைத்தாள். பிறகு சொன்னாள்: "அவர் எழுத்தில குடுத்திருக்கார். அவரே வந்து, பிழையாச் சொன்னேன், இவவத் தெரியும் என்டு சொன்னா நான் மாத்தலாம். வேற ஆக்கள் வந்தா சரிவராது. இல்லாட்டிப் புதுசாப் போட வேணும், இன்னும் ஒரு மாசம். வியாழக்கிழமைக்குள்ள வந்தா அன்டைக்கே அனுப்புவேன்."

"அவருக்கு ஏதும் செய்வீங்களா?"

"ஒன்டும் இல்ல அக்கா. வந்து சொன்னா போதும்."

வியாழக்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது. கம்பனியின் முப்பதாவது நாள் ஞாயிறு. றம்ஸியா நேரே கடைக்கு வந்து சொன்னாள். சின்ன விஷயம்தானே, வருவார் என்றே நினைத்தாள்.

முத்தலிபு தராசைத் துடைத்தார். துடைத்த தராசையே திரும்பவும் துடைத்தார். "ஏலா மகள்" என்றார்.

"ஏன் சாச்சா? ஒரு நிமிசம். என்னத் தெரியும் எண்டு சொன்னாப் போதும்."

"அதுதான் ஏலா."

கடையில் வேறு ஆட்கள் இல்லை. அவர் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். அவருக்கு அபூசாலி என்று ஒரு நானா இருந்தார். அந்தத் தொண்ணூறாம் ஆண்டு, ஊரை விட்டு வருவதற்குக் கொஞ்ச நாள் முந்தி, தோளில் துவக்கோடு நாலு பேர் வந்தார்கள். முத்தலிபு ஆட்டுக்குக் குழை வெட்டிக்கொண்டு ரோட்டில் நின்றாராம், இருபத்திரண்டு வயது. அபூசாலியைத் தெரியுமா என்று மரியாதையாகக் கேட்டார்கள். தெரியும், என்ட நானா, அந்தா அந்த வீடு என்று கையை நீட்டிக் காட்டினார். ஒரு விசாரணை, அரை மணித்தியாலத்தில் அனுப்புகிறோம் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

"அண்டைக்குப் போனவர்தான்" என்றார் முத்தலிபு. "உம்மா கடைசி வரைக்கும் என்னட்ட ஒண்டும் கேக்கல்ல. கேட்டிருந்தாலாவது பறவால்ல. அதுக்குப் பொறகு எவன் வந்து எவன்ட பேரக் கேட்டாலும் தெரியாது எண்டுதான் வருது. நான் சொல்றதில்ல, வாய் அப்பிடிச் சொல்லுது. ஒன்ட பேரச் சொல்லிக் கேட்டப்பவும் அப்பிடித்தான் வந்த. இல்லெண்டு சொல்லி அவங்க திரும்பிப் போனாப் பொறகு எவ்வளவு சந்தோசம் தெரியுமா? ஒரு ஆளயாவது காப்பாத்திட்டன் எண்டு."

றம்ஸியாவுக்கு இதொன்றும் தெரியாது. பிறந்த நாளிலிருந்து பார்க்கிற மனிதர். எல்லாக் கதைக்கும் முடிவு தேடி அடுத்த ஹோல்ட் வரை போகிறவள், தினமும் சீனியும் பருப்பும் வாங்குகிற கடையில் இருந்த கதையை ஒரு நாளும் கேட்டதில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"விடுங்க சாச்சா" என்றாள். "நீங்க வரவேணாம்."

வீட்டுக்கு வந்து கம்பனிக்கு எழுதினாள், ஒரு மாதம் தவணை கேட்டு. இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. மனிதர் எழுதிய பதில் மாதிரி இல்லை. வருந்துகிறோம், திகதியை மாற்ற முடியாது. றம்ஸியா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அன்றைய நானூறையும் முடித்தாள். புதன்கிழமையும் முடித்தாள். அந்த இரண்டு நாளும் ஒரு வசனத்தையும் ஸுஹைராவிடம் சொல்லவில்லை. மாவு கரைக்கிற சத்தம் மட்டும் வேலிக்கு அந்தப் பக்கம் கேட்டது.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கேற்றில் யாரோ தட்டினார்கள். முத்தலிபு. வெள்ளைச் சேட்டு, பெருநாளுக்கு உடுக்கிற சாரம், தலையில் தொப்பி. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு மட்டும் பூட்டுகிற கடையை வியாழக்கிழமை பூட்டியிருந்தார்.

"வா மகள்" என்றார். "யோசிக்க விட்டா நான் திரும்பிப் போயிடுவன். கெதியா வா."

திரீவீலில் போகும் வழி முழுவதும் அவருடைய உதடு மட்டும் அசைந்தது, ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். பொலிஸ் நிலைய வாசலில் இறங்கியதும் நின்றுவிட்டார். றம்ஸியா அவரை இழுக்கவில்லை, கூப்பிடவும் இல்லை. அவளும் நின்றாள். உப்பு ஏற்றிய லொறிகள் இரண்டு அவர்களைத் தாண்டிப் போயின. பிறகு அவராகவே படியேறினார்.

ஷானிகா கதிரை போட்டுக் கொடுத்தாள். அவர் உட்காரவில்லை. அவளும் எழுந்து நின்றுகொண்டே கேட்டாள், மெதுவாக.

"ஐயா, இவவத் தெரியுமா?"

முத்தலிபுவின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. அவர் றம்ஸியாவைப் பார்க்கவில்லை. சீருடையின் கைப் பட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து மேசைப் பொலிஸ்காரரும் எழுத்தை நிறுத்திவிட்டார். போதும் சாச்சா, வீட்டுக்குப் போவோம் என்று சொல்ல றம்ஸியா வாயெடுக்கும்போது அவர் தொடங்கினார்.

"தெரியும். இவ றம்ஸியா. ஹிஸ்புல்லாட மூத்த மகள். ஏழாவது வீடு. நான் பொய்தான் சொன்னன், எல்லாந் தெரியும். இவ பொறந்தது முகாம்ல, கிடுகுக் கொட்டில்ல, தை மாசம், நல்ல மழ. மருத்துவிச்சியச் சைக்கிள்ல ஏத்திட்டு வந்தது நான். வார வழியில ரெண்டு தரம் விழுந்தம். இவட உம்மாக்குப் பால் இல்ல, ரெண்டு மாசம் என்ட பொஞ்சாதிதான் பால் குடுத்த. இவ எட்டாம் வகுப்பில இங்கிலிஷ்ல முதலாவதா வந்தா, நான் முட்டாசி குடுத்தன். வாப்பாட மையத்த இவதான் முதல் கண்ட. இவ ஒருத்தருக்கும் ஒரு கெடுதியும் செய்யாத புள்ள. எழுதுங்க. எல்லாம் எழுதுங்க."

ஷானிகா எழுதினாள். இவ்வளவும் தேவையில்லை என்று அவள் சொல்லவில்லை. மருத்துவிச்சி என்றால் என்ன என்று மட்டும் ஒரு தடவை கேட்டு, அதையும் எழுதினாள். றம்ஸியா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்று அழுதாள். பால் குடித்த கதை அவளுக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

எழுதி முடித்துக் கோப்பைத் திருப்பிக் காட்டினாள். முத்தலிபு கையெழுத்துப் போட்டார். ரிப்போட் இன்றைக்கே போகும் என்றாள் ஷானிகா. அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. பேனையை வைத்தவுடனே றம்ஸியாவின் கையை மணிக்கட்டோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பிறந்த நாளிலிருந்து அறிந்தவர் என்றாலும் அவள் பெரியவளான பிறகு அப்படிப் பிடித்ததில்லை.

"மிஸ்" என்றார். "நான் சொல்லிட்டன். இப்ப இவவ நான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாந்தானே?"

ஷானிகாவுக்கு அந்தக் கேள்வி முதலில் விளங்கவில்லை. றம்ஸியாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து, வாசல் கதவை அவளே அகலமாகத் திறந்து பிடித்தாள்.

"ஓம் ஐயா" என்றாள். "கூட்டிட்டுப் போங்க."